அண்ணன் உள்ள வரலாம்

1

இந்தக் கதை ஒரு கொட்டாவியில் பிறந்தது. காதில் புண் வந்த என் பூனையைக் கூடையில் தூக்கிக்கொண்டு ஒரு பிராணி மருத்துவமனையில் காத்திருந்தேன். எதிர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. ரப்பர் பாயில் ஒரு கிழட்டு நாய் படுத்திருந்தது. முதுகு நெடுக முடி போன்ற ஊசிகள். பக்கத்தில் சம்மணமிட்டிருந்த மனிதர் அதன் காதருகே குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நாய் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் என் பூனையின் முறை வந்துவிட்டது.

நான் பார்த்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'டாக்டரம்மாவுக்கு வாயில்லாத ஜீவன்களின் மொழி தெரியும். அவள் தொட்டால்...'

அடித்துவிட்டேன். அவளுக்குத் தெரிந்தது முதுகெலும்பு. மாட்டுக்கும் நாய்க்கும் வைத்தியம் படித்து முடித்தவள், பிறகு ஊசி குத்தி வலி தணிக்கவும், பிசகிய எலும்புப் பூட்டுகளைக் கையால் அழுத்திச் சரிசெய்யவும் கற்றுக்கொண்டாள். நாள் முழுக்க நாய்களின் மேல் குனிந்து குனிந்து அவளுக்கே இடுப்பு வலி. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

(ஊசி உண்மையிலேயே கேட்குமா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அவளிடம் கேட்டேன். "சிலதுக்கு வலி குறையுது, சிலதுக்குக் குறையல. எதுக்குக் குறையும்னு முன்னாடியே சொல்ல எனக்குத் தெரியல" என்றாள். இப்படிப் பேசுகிறவளை நம்பலாம் என்று கதையில் வைத்துக்கொண்டேன்.)

3

"அண்ணன் உள்ள வரலாம்!" என்று வரவேற்பில் இருந்த பெண் கூப்பிட்டதும் மூன்று ஆண்கள் எழுந்துவிட்டார்கள். ஒருவர் மட்டும், ஒரு பெரிய பழுப்பு நாயின் வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துப் பின்பாகத்தைத் தூக்கிப் பிடித்தபடி, தள்ளாடித் தள்ளாடி உள்ளே வந்தார்.

டாக்டரம்மா நாயின் பின்காலைத் தொட்டு, பாதத்தை மடக்கித் தரையில் வைத்தாள். கால் நன்றாக உள்ள நாய் என்றால் சட்டென்று பாதத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளும். அண்ணன் அப்படியே நின்றது. தனக்கு அங்கே ஒரு கால் இருப்பதே அதற்குத் தெரியவில்லை.

"இது யாரு வெச்ச பேரு சார், அண்ணன்னு?"

"என் பொண்ணு. இவன் வந்ததுக்கப்புறம்தான் அவ பொறந்தா. அதனால இவன் அண்ணனாம்."

"பாப்பாவையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே."

அவர் துண்டை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். "அவ இல்லம்மா இப்ப."

[இங்கே அந்தக் குழந்தை எப்படிப் போனாள் என்று மூன்று விதமாக எழுதினேன். மூன்றையும் எடுத்துவிட்டேன். இறந்த குழந்தையைக் காட்டி அழவைப்பது எழுதுகிறவருக்குச் சுலபம். அவளே இல்லாமல் எழுதலாமா என்றும் பார்த்தேன். அவளை எடுத்ததும் அந்த மனிதர் வெறும் நாய் வளர்ப்பவராகிவிட்டார். எனவே அவள் இருக்கிறாள், அதாவது இல்லை.]

4

வாரா வாரம் வந்தார். ஊசிகள் ஏறியதும் அண்ணன் உதட்டை நக்கும், கொட்டாவி விடும், தாடையைப் பாயில் சாய்த்துக்கொள்ளும். டாக்டரம்மா மூலையில் கை கழுவுவாள். அவள் முதுகு திரும்பியதும் அவர் பேச ஆரம்பித்துவிடுவார், நாயிடம்.

"டேய், ஞாபகம் இருக்கா? குட்டியோட சாக்ஸை முழுங்கிட்டுத் திருட்டு முழி முழிச்சியே. அண்ணன் வயித்துல என் சாக்ஸ் நடந்துட்டிருக்கும்னு ஒரே அழுகை அவளுக்கு."

கழுவின கையையே டாக்டரம்மா திரும்பத் திரும்பக் கழுவினாள்.

அண்ணனுக்கு வலி குறைந்தது. ஒழுங்காகச் சாப்பிட்டது. அதைப் பார்த்து, "அடுத்து கால் வந்துடும், பாருங்க" என்றார் அவர். அவள் பாதத்தை மடக்கி வைத்துப் பார்த்தாள். அது மடங்கியே இருந்தது. 'வராது சார்' என்று சொல்ல வாயெடுத்தாள். 'அடுத்த வாரம் பாப்போம்' என்றுதான் வந்தது.

5

ஒருநாள் அவருடைய மனைவி தனியாக வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அவன் நடப்பானா டாக்டர்?"

"மாட்டான்மா."

"இதை அவர்கிட்ட சொன்னீங்களா?"

"இன்னும் சொல்லல."

"அப்ப எதுக்கு அவரை அலைய விடறீங்க? துண்டு கட்டித் தூக்கித் தூக்கி அவர் தோள்பட்டையே போச்சு. வீட்டுல ராத்திரி பகல் ஒரு பேச்சு கிடையாது, கல்லு மாதிரி இருக்கார். இங்க மட்டும் முறை தவறாம வந்துடறார். இங்க அப்படி என்ன இருக்கு?"

அவர் நாயிடம் சொன்னதை வெளியே சொல்வது சரியா? டாக்டரம்மா யோசித்தாள். நானும் இந்த இடத்தில் பல நாள் பேனாவை மூடிவைத்துவிட்டேன். இவளை வாய்திறக்க வைத்தால் அவருக்குத் துரோகம், பேசாமல் விட்டால் இந்த அம்மாளுக்கு.

"தப்பு என் பேர்லதான். அவர்கிட்ட நானே சொல்லிடறேன்" என்றாள் கடைசியில். "அடுத்த வாரம் நீங்களும் வந்து கூட உட்காருங்கம்மா."

6

வந்தாள். பாயின் இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் மனைவி, நடுவில் அண்ணன். கால் வராது என்று டாக்டரம்மா சொன்னாள். அவர் தலையாட்டினார். முன்பே தெரிந்தவர் ஆட்டுகிற மாதிரி இருந்தது. ஊசி ஏறியது. நாய் கொட்டாவி விட்டது. அவர் வாய் திறக்கவில்லை.

குழாயை மூடிவிட்டு, அவர் பக்கம் திரும்பாமலே டாக்டரம்மா கேட்டாள்: "இன்னிக்கு சாக்ஸ் கதை இல்லையா சார்?"

மனைவி சட்டென்று நிமிர்ந்தாள். அவர் நாயின் காதைத் தடவினார்.

"சாக்ஸ் இல்ல அது" என்றாள் மனைவி. "கையுறை. பச்சைக் கலர். குளிருக்குப் பின்னிக் கொடுத்தேன்."

"சாக்ஸ்தான்."

"நான் பின்னுனது எனக்குத் தெரியாதா? ஒத்தைக் கையுறையை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு அதை அண்ணன் வாலுக்கு மாட்டிவிட்டா..."

அவர் சிரித்தார். பிறகு அது சிரிப்பாக இல்லை. நாயின் மேல் குனிந்தவரின் தோளை மனைவி எட்டிப் பிடித்தாள். ஊசிகள் குத்தி நின்ற முதுகின் மேலே அவள் கை நீண்டிருந்தது.

7

இனி முடிவு. அண்ணன் எழுந்து நடப்பதாக ஒன்று எழுதினேன்: 'மெல்ல, மிக மெல்ல, அண்ணன் தன் பின்காலை...' நிறுத்திவிட்டேன். மடங்கின பாதம் பொய் சொல்லாது. வீட்டில் இருவர் நடுவில் தூக்கத்திலேயே போய்விட்டதாக இன்னொன்று. அது எனக்கு வசதி, அண்ணனுக்கில்லை.

நடந்தது இது. குளிர் விட்ட சமயம் அண்ணன் தண்ணீரையும் மறுத்தது. இருவரும் சேர்ந்து தூக்கிவந்தார்கள். டாக்டரம்மா அன்று இரண்டு வித ஊசியும் எடுத்தாள். முதலில் மெல்லியவை, நாய் அடங்கித் தாடையைச் சாய்க்கும்வரை காத்திருந்தாள். பிறகு மற்றது. "குட்டிகிட்ட போறான்" என்றார் அவர். மனைவி மறுக்கவில்லை.

புறப்படும்போது அவள் கேட்டாள்: "மனுஷங்களுக்கும் குத்துவீங்களா டாக்டர்?"

"எனக்கு லைசென்ஸ் நாலு காலுக்குத்தான்மா."

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த அறையில் அப்படிச் சிரித்ததற்காகப் பிறகு வெட்கப்பட்டார்கள்.

இப்போது டாக்டரம்மா ஜன்னலருகே நிற்கிறாள். வெளியே அவர்கள் வண்டியில் ஏறிவிட்டார்கள், வண்டி கிளம்பவில்லை. கண்ணாடிக்குள் மனைவியின் வாய் அசைகிறது. அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு அவள் பக்கம் திரும்புகிறார். குட்டியைப் பற்றிப் பேசுகிறார்களோ, போகிற வழியில் பால் வாங்கவேண்டும் என்கிறாளோ, வீட்டுக்குப் போனபின் இந்தப் பேச்சு இருக்குமோ இராதோ, எனக்குத் தெரியாது. இன்னும் கிட்டப் போக எனக்கு மனசு வரவில்லை.

நீங்கள் வேண்டுமானால் போய்க் கேளுங்கள். கண்ணாடியை மட்டும் தட்டிவிடாதீர்கள்.