இறக்கத்துக்கு எண்ணெய் கிடையாது

"இப்ராம்சா இருக்காரா?" என்று ஏட்டு சுவாமிநாதன் வாசலில் நின்று கேட்டபோது, ரஹ்மத் பீவி கொல்லையில் குனிந்து, புருஷனைக் குளிப்பாட்டும் வெந்நீர்ப் பானைக்கு அடியில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"இருக்காரு" என்றாள் அங்கிருந்தபடியே. "ஆனா எந்திரிச்சு வரமாட்டாரு."

கடைவீதி மேட்டில் மூச்சு வாங்க ஏறி வந்த ஏட்டு அப்போதுதான் தலையை நிமிர்த்திப் பார்த்தார். சந்து முழுக்கத் தொப்பி போட்ட ஆட்கள். லாரி டிரைவர்கள் எல்லாம் சவரம் செய்யாத முகத்தோடு சுவர் ஓரம் குந்தியிருந்தார்கள். அவர் தம் சிவப்புத் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கையிலிருந்த கோர்ட்டு சம்மனை என்ன செய்வதென்று தெரியாமல் மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"திங்கக்கெழமை கேசுக்கு வரச்சொல்லி ஓலை" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். "ஆளு கையிலதான் கொடுக்கணும்னு சட்டம்."

"சட்டத்துக்கு இன்னும் வெள்ளனே எந்திரிக்கத் தெரியலை, ஏட்டையா" என்றார் ஒரு டிரைவர்.

இப்ராம்சா போனது விடியற்காலையில். தொழுதுவிட்டு வந்து, அரைத் தம்ளர் டீ குடித்துவிட்டு, பால் ஊற்ற வந்த மலைச்சாமியைப் பிடித்து உட்காரவைத்து, லாரி கவிழ்ந்த கதையை நாற்பதாவது தடவையாகச் சொல்ல ஆரம்பித்திருந்தார். "அந்த வளைவுல வண்டி வருதா..." என்றவர் நிறுத்தினார். கதையில் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவது அவருக்குக் கைவந்த கலை. அதனால் மலைச்சாமியும், "ம், அப்புறம்?" என்று மூன்று தடவை கேட்டிருக்கிறார். அப்புறம் இல்லை.

ரஹ்மத் பீவி தொண்டை வறள ஒரு பாட்டம் அழுது முடித்திருந்தாள். அவர் இல்லாத வீடு அவளுக்குப் பயமாக இருந்தது. இன்னும் நிறைய அழ வேண்டியிருக்கிறது என்பதும் தெரிந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு சோலி வந்து நின்றுவிட்டது.

பத்து நாளைக்கு முந்தி, கவுஞ்சிப் பூண்டு எழுபது மூடை ஏற்றிய லாரி, பெருமாள்மலையைத் தாண்டி ஒரு வளைவில் இப்ராம்சாவின் பேச்சைக் கேட்க மறுத்தது. யுத்தம் வந்ததிலிருந்து பெட்ரோல் கூப்பனுக்குத்தான். லாரி முதலாளி சம்சுல் ஆலம் டாங்கியில் குச்சி விட்டு அளந்து பார்த்துவிட்டுச் சொல்லுவார்: "ஏத்தத்துக்குத்தான்யா எண்ணெய். இறக்கத்துக்கு எண்ணெய் கெடையாது. மலையே தள்ளிவிடும்." அப்படியே எஞ்சினை அணைத்து உருட்டி விடுவது அந்த வருஷம் மலையில் எல்லாருக்கும் பழக்கமாகிவிட்டது. எஞ்சின் ஓடினால், சின்ன கியரில் அதுவே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அணைத்துவிட்டால் முழுப் பாரமும் பிரேக்கின் தலையில். பிரேக் சூடேறிப் புகைந்தது. மிதித்தால் சேற்றில் கால் வைத்த மாதிரி அமுங்கிப் போனது. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மலை. இப்ராம்சா மலையைப் பார்த்து ஒடித்தார். லாரி மண்சரிவில் ஏறி, களைத்த மாடு போல ஒருக்களித்துப் படுத்தது. அவருக்கு முன்பல் ஒன்று போனதோடு சரி. பூண்டு மட்டும் அத்தனையும் பள்ளத்துக்குப் போனது. ஒரு வாரம் அந்த வழியாகப் போன பஸ்ஸில் எல்லாம் ரச வாசனை அடித்ததாம்.

"பல்லு போனது நல்லதுக்குத்தான். விசில் நல்லா வருது பாரு" என்று அவளிடம் ஊதிக் காட்டினார். வண்டியைத் தாறுமாறாக ஓட்டினார் என்று போலீஸ் கேஸ் எழுதியபோது மட்டும் அவர் விசிலடிக்கவில்லை. பதினெட்டு வருஷம் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்பது அவருடைய ஒரே பெருமை.

சாவு வீட்டுக்கு முதலில் ஓடி வந்தவரும் சம்சுல் ஆலம்தான். உடலைச் சுற்றும் கபனுக்கு வெள்ளைத்துணி அவர் செலவில்தான் வந்தது. இப்ராம்சாவின் காலடியில் நின்று நிஜமாகவே அழுதார். அழுத கண்ணைத் துடைத்த கையாலேயே சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, இப்ராம்சாவின் தம்பி அப்துல் குத்தூஸிடம் கொடுத்தார். குத்தூஸ் அவர் மண்டியில் உருளைக்கிழங்கு நிறுக்கிறவர். முதலாளி தும்மினால் இவருக்கு ஜலதோஷம் பிடிக்கும்.

"ஏட்டு ரிப்போர்ட்டு எழுதுறதுக்குள்ள குடும்பத்துச் சார்பா ஒரு கையெழுத்துப் போட்டுரு, குத்தூசு" என்று அவர் தணிந்த குரலில் சொன்னது அடுப்படிச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த ரஹ்மத் பீவிக்கு நன்றாகவே கேட்டது. "ஓட்டினவன் தப்புன்னா ஓட்டினவனோட போயிரும். ஓட்டச் சொன்னவன் தப்புன்னா லாரி பெர்மிட்டு போயிரும். மவுத்தானவரை எந்தக் கோர்ட்டு என்ன பண்ணப் போகுது? மதினியை நான் கைவிட மாட்டேன்."

குத்தூஸ் காகிதத்தை ஜன்னலில் வைத்துவிட்டுக் குழி வெட்டுகிற ஆட்களைப் பார்க்கப் போனார். ரஹ்மத் பீவிக்கு எழுத்து தெரியாது. மகள் சுலைகாவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாள். சுலைகா அழுது வீங்கிய கண்ணோடு ஒரு வரி வாசித்தாள், நிறுத்தினாள்.

"என்னடி?"

"எஞ்சினை அணைச்சது அத்தாவோட சொந்த யோசனையாம். மிச்சமான பெட்ரோலைத் திருட்டுத்தனமா வித்தாராம். மொதலாளிக்கு ஒண்ணும் தெரியாதாம். இதெல்லாம் நம்ம குடும்பத்துக்கும் தெரியுமாம்."

"இன்னொருக்கா வாசி."

சுலைகா வாசித்தாள். திருட்டு என்ற சொல் வந்த இடத்தில் ரஹ்மத் பீவி கையை நீட்டினாள். கொல்லையில் பானையடியில் விறகு ஈரமாக இருந்து புகைந்துகொண்டிருந்தது. அவள் காகிதத்தை வாங்கி நான்காக மடித்து அதில் செருகினாள். விறகு குப்பென்று பிடித்துக்கொண்டது.

சற்று நேரத்தில் குத்தூஸ் வந்து ஜன்னலைத் தடவினார். பாயைத் தூக்கிப் பார்த்தார்.

"மதினி, இங்கன ஒரு காயிதம் வச்சேன், பாத்தீங்களா?"

"தண்ணி சூடாயிருச்சு தம்பி. வெரசா எடுத்துட்டுப் போங்க."

குத்தூஸ் அடுப்பைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார். வாளியை எடுத்துக்கொண்டு போனார். அவர் முகத்தில் பயம் பாதி, நிம்மதி பாதி தெரிந்தது.

ஆனால் காகிதமா பஞ்சம்? அடக்கம் முடிந்ததும் முதலாளி இன்னொன்று எழுதிக்கொண்டு வருவார். அப்போது இந்தக் கூட்டமும் இருக்காது, குத்தூஸுக்கு முதுகெலும்பும் இருக்காது. அவளோ புருஷனை இழந்தவள் இருக்கும் இத்தாவில் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருக்க வேண்டியவள். அதற்குள் கவுஞ்சியிலிருந்து வத்தலக்குண்டு வரைக்கும் இப்ராம்சா பெட்ரோல் திருடன் ஆகிவிடுவார். நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் வந்தது, செத்தவர் மேலும் சேர்த்து. வாய் ஓயாமல் பேசின மனிதர், பேச வேண்டிய நாளில் இப்படியா படுத்துக்கொள்வது?

குளிப்பாட்டி, கபனிட்டு, கற்பூர வாசனையோடு இப்ராம்சாவைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்து வாசலில் இறக்கினார்கள். இனித் தூக்கிப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். தூக்கும் முன்னால் இரத்த சொந்தம் ஒருவர் நின்று ஊரைக் கேட்க வேண்டும், அது முறை. குத்தூஸ் தொண்டையைச் செருமினார்.

"எங்க அண்ணன் இப்ராம்சா யாருக்கும் பாக்கி வச்சிருந்தா எங்கிட்ட கேளுங்க. யாருக்காவது தீங்கு செஞ்சிருந்தா, மனசு நோகடிச்சிருந்தா, அல்லாவுக்காகப் பொறுத்துக்கிடுங்க."

"பொறுத்தோம், பொறுத்தோம்" என்றது கூட்டம். கூட்டத்துக்குப் பின்னால் இருந்து ஒரு முண்டாசு முன்னால் வந்தது. கவுஞ்சி ஆண்டிச்சாமி. பள்ளத்துக்குப் போன பூண்டில் பாதி அவருடையது. சேதி கேட்டு அவ்வளவு தூரம் மலைப்பாதையில் நடந்தே வந்திருந்தார்.

"எங்க சாதியில இப்படிக் கேக்குற வழக்கம் இல்லை. கேட்டதனால சொல்றேன்" என்றார். "பூண்டு போனது போனதுதான். வண்டியில என் மச்சினனும் உக்காந்திருந்தான். பள்ளத்துப் பக்கம் போகாம மலையில முட்டுனாரு பாருங்க, அதுக்கு நான்தான் அவருக்குக் கடன்பட்டவன்."

பெண்களுக்காக வாசல்நிலையில் கட்டியிருந்த திரைக்குப் பின்னால் சுலைகா விம்மினாள். ரஹ்மத் பீவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்தது யார் என்று எல்லார் கண்ணும் முதலாளி பக்கம் திரும்பியது.

சம்சுல் ஆலம் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "நானும் பொறுத்துக்கிட்டேன்" என்றார்.

"எதைப் பொறுத்தீங்க மொதலாளி?"

குரல் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. புருஷனின் மையத்து வாசலில் கிடக்கும்போது பெண்டாட்டி ஆம்பளைகள் சபையில் பேசி யாரும் கேட்டதில்லை. குத்தூஸ் திரும்பித் திரையைப் பார்த்தார்.

"தப்பு பண்ணினாருன்னு பொறுக்குறீங்க. என்ன தப்புன்னு சொல்லிட்டுப் பொறுங்க. அவரும் படுத்துக் கெடந்து கேக்கட்டும்."

முணுமுணுப்பு எழுந்தது. தொழுகை நடத்த வந்திருந்த பள்ளிவாசல் அசரத்து கையை உயர்த்தி அதை அடக்கினார். "அந்தம்மா கேக்குறது நியாயம்தான்" என்றார். "பேரு தெரியாத பாவத்தை எப்படிப் பொறுக்குறது?"

சம்சுல் ஆலம் வாயைத் திறந்தார். சந்தூக்குக்கும் அவருக்கும் இடையில் இரண்டு முழம்கூட இல்லை. காகிதத்தில் எழுதச் சொல்வது வேறு, வெள்ளைத்துணிக்குப் பக்கத்தில் நின்று சொல்வது வேறு. எங்கிருந்தோ மேகம் இறங்கி வந்து சந்து முழுக்க நிறைந்தது. டிரைவர்கள் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. குச்சி விட்டு அளந்த கதை அவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். ரஹ்மத் பீவி திரையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தாள். இந்த மனுஷன் துணிந்து திருட்டு என்ற அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் அவளிடம் மறுக்க என்ன சாட்சி இருக்கிறது?

"தப்பு..." என்றார் சம்சுல் ஆலம். சந்தூக்கைப் பார்த்தார். "எண்ணெய் கொடுக்காதவன் நானு. எஞ்சினை அணைக்கச் சொன்னவனும் நானு. வேண்டாம் மொதலாளி, பாரம் சாஸ்தின்னு அன்னைக்குக் காலையிலகூடச் சொன்னாரு. இதுல அவரை நான் எதைப் பொறுக்க? அவருதான் என்னைப் பொறுக்கணும்." சொல்லிவிட்டு வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். இந்த அழுகை காலையில் அழுததைவிட மோசமாக இருந்தது.

ஏட்டு சுவாமிநாதன் ஓரமாக நின்று காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்திருந்தார். எழுதலாமா கூடாதா என்று அவர் அசரத்தைப் பார்க்க, அசரத்து திரையைப் பார்த்தார்.

"எழுதிக்கிடுங்க ஏட்டையா" என்றார் சம்சுல் ஆலமே, துண்டுக்குள்ளிருந்து. "பெர்மிட்டு போனா போகட்டும். கழுதையில ஏத்திக்கிறேன்."

"கழுதைக்கும் பாரம் சாஸ்தியா ஏத்துனா கேஸு உண்டு மொதலாளி" என்றார் ஏட்டு, நாக்கில் பென்சிலைத் தொட்டுக்கொண்டே. யாரோ ஒரு டிரைவர் சிரித்தான். அது அடுத்தவனுக்குத் தொற்றியது. சாவு வீடு என்று நினைவு வந்து எல்லாரும் கஷ்டப்பட்டு இருமினார்கள். இப்ராம்சா உட்கார்ந்திருந்தால் முதலில் சிரித்திருப்பவர் அவர்தான்.

திரைக்குப் பின்னால் ரஹ்மத் பீவி சுவரில் சாய்ந்தாள். "நீங்க பொறுத்துட்டீங்களாம்மா?" என்று அசரத்து கேட்டது காதில் விழுந்தது.

"அவரு பொறுத்திருப்பாரு" என்றாள். "அவருக்குக் கோவம் எங்க நின்னுச்சு. எனக்கு ரெண்டு நாளு ஆகும்."

சந்தூக்கைத் தூக்கினார்கள். பள்ளிவாசலுக்குப் போகிற சந்து நெட்டுக்குத்தான இறக்கம், மேகத்தில் நனைந்து கல்லெல்லாம் வழுக்கியது. இறக்கத்தில் முன்னால் பிடிக்கிறவர் தோளில்தான் முழுப் பாரமும் விழும். அந்த இடத்துக்கு, யாரும் சொல்லாமலேயே, சம்சுல் ஆலம் போய் நின்றுகொண்டார்.

"மெதுவா, மெதுவா. சின்ன கியர்லயே போங்கப்பா" என்றது ஒரு குரல்.

"ஏலே, பின்னாடி பிடிச்சு இழு. உருட்டிவிட்றாத."

ரஹ்மத் பீவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒரே ஒரு தடவை அந்த லாரியின் முன்சீட்டில் அவள் அய்யம்பாளையத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள். ஒவ்வொரு வளைவிலும் பயந்து வலது காலால் காலடிப் பலகையை அழுத்தியபடியே மலை இறங்கினாள். அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இப்ராம்சா சொன்னார்: "எல்லா வளைவுலயும் நீயே பிரேக்குப் போட்டுட்டே. எனக்கு இன்னைக்குச் சோலியே இல்லை."

வெள்ளைத் தொப்பிகள் மேகத்துக்குள் ஒவ்வொன்றாக இறங்கின. சந்து திரும்பும் இடத்தில் சந்தூக்கு ஒரு கணம் சாய்ந்து, நிமிர்ந்து, மெதுவாகத் திரும்பியது.

"அம்மா, வாங்க, உக்காருங்க" என்று சுலைகா தோளைத் தொட்டாள்.

"இரு" என்றாள் ரஹ்மத் பீவி. அவளுடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.