அடிவிரிப்பு

பெரியவளுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது சின்னவள் வார்டுக்குள் நுழைந்தபோது இல்லை. அத்தை அவளைப் பார்த்துச் சிரித்தபோதுதான். அந்த முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்க்க ஒன்பது நாளாகத் தவம் கிடந்தவள் பெரியவள். தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்து, ஊட்டிவிட்டு, தலைவாரி, பவுடர் போட்டு என்று என்ன செய்யவில்லை? பத்தாம் நாள் சின்னவள் பெட்டியோடு வந்து நிற்கிறாள், அத்தைக்குப் பல்லெல்லாம் வெளியே வந்துவிடுகிறது. பாதிப் பல் டம்ளரில் கிடந்தது என்பது வேறு விஷயம்.

"வந்துட்டியா?"

"லீவு கிடைக்கல அத்தை. இல்லேன்னா அன்னைக்கே ஓடி வந்திருப்பேன்."

ஓடி வந்திருப்பாளாம்! பெரியவள் உதட்டைச் சுழித்துக்கொண்டாள். அத்தையின் பிள்ளைகளான அண்ணன் தம்பியை இருவரும் கட்டிக்கொண்டு வந்த இந்தப் பதினாறு வருஷமும் இதே கதைதான். பெரியவள் சமைத்தால் அத்தை சாப்பிடுவாள். சின்னவள் சமைத்தால் அத்தை புகழ்வாள்.

போகட்டும், கட்டிலைப் பார்க்கட்டும். இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆன அத்தையைப் படுக்கவைப்பதற்கு முன்பே, ஆஸ்பத்திரி விரிப்பின் நிறத்தைப் பார்க்கச் சகிக்காமல், தானே ஓரம் தைத்த விரிப்பை அதன் மேல் விரித்திருந்தாள். அடர் சிவப்புப் பூப்போட்டது. கறை தெரியாது என்று கடையில் அவளே சிபாரிசு செய்யும் ரகம். நாற்பது கட்டில்களில் இது ஒன்றுதான் கட்டில் மாதிரி இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். மெச்சாதவர்களிடம் அவளே எடுத்துச் சொன்னாள்.

சின்னவள் விரிப்பைப் பார்க்கவே இல்லை. மூக்கைச் சுருக்கினாள்.

"அது கழிப்பறை நாத்தம்" என்றாள் பெரியவள் உடனே. "கழுவறதே இல்ல."

சின்னவள் கால்மாட்டில் தொங்கிய தாளை எடுத்தாள். பஸ் டிப்போவில் வண்டி வரும் போகும் நேரத்தைக் குறிக்கிற வேலை அவளுக்கு. நேரம் போட்ட தாள் எதைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது.

"இப்ப மணி என்னக்கா?"

"பதினொண்ணு."

"சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் புரட்டிப் படுக்க வெச்சதா டிக் போட்டிருக்காங்களே? வராத பஸ்ஸை வந்துடுச்சுன்னு எழுதற மாதிரி!"

"வந்ததும் வராததுமா குறை கண்டுபிடிக்க ஆரம்பிச்சுட்டியா?"

சின்னவள் அத்தையிடம் குனிந்தாள். "உங்களைப் புரட்டி விட்டாங்களா அத்தை?"

அத்தை பெரியவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "முதுகு எரியுதுடி" என்றாள், சின்னவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பெரியவளுக்கும் கேட்டது. ரகசியத்தையும் அவளிடம்தான் சொல்ல வேண்டுமா?

சின்னவள் போய் நர்ஸைக் கையோடு கூட்டிவந்தாள். கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, மூவருமாக மெல்லப் புரட்டினார்கள். முகம் சின்னவள் பக்கம் போயிற்று. முதுகு பெரியவள் பக்கம் வந்தது.

முதுகுத்தண்டு முடியும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். ஓரம் கறுத்து, நடுவில் சீழ் வைத்திருந்தது. பூவிரிப்பு ஈரத்தில் தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்கடியில் ஆஸ்பத்திரி விரிப்பு மஞ்சளும் பழுப்புமாக ஊறிக் கிடந்தது. கழிப்பறையை இத்தனை நாள் அநியாயமாகத் திட்டியிருந்தாள்.

"இதை ஒரு தடவைகூட மாத்தலையா?" என்று பெரியவள் கத்தினாள்.

"மேல உங்க விரிப்பு பளிச்சுன்னு இருக்கே, வீட்டுக்காரங்களே பாத்துக்கறாங்கன்னு விட்டுட்டோம்மா" என்றாள் நர்ஸ். "நாற்பது கட்டிலுக்கு ரெண்டே பேர்."

"ரெண்டு பேரா இருந்தா சாயங்காலத்து டிக்கை காலையிலயே போடுவீங்களா? உங்க பெரிய டாக்டரைக் கூப்பிடுங்க. அவர் இதைப் பாக்காம நான் நகர மாட்டேன்!" என்றாள் பெரியவள்.

நர்ஸ் டாக்டரைக் கூட்டிவரப் போனாள். பெரியவளின் கோபம் அத்தை மேல் திரும்பியது.

"ஒன்பது நாளா பக்கத்துலயே இருந்தேனே அத்தை! என்கிட்ட சொல்ல வாய் வரலையா? அவகிட்ட மட்டும் வருதா?"

அத்தை அந்தப் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: "வர்றவங்ககிட்டயெல்லாம் எங்க அத்தைக்கு ஒரு குறையும் இல்லன்னு பெருமையா சொல்லிட்டிருந்தே. நான் எப்படிடி குறை சொல்வேன்?"

பெரியவள் பூவிரிப்பை உருவிச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் திணித்தாள்.

டாக்டர் வந்து பார்த்தார். நர்ஸுக்குத் திட்டு விழுந்தது. புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டார்கள். வெள்ளை விரிப்பு வந்தது. ஒரு மணிக்கு மறுபடி புரட்ட வேண்டும், இந்தத் தடவை எதிர்ப்பக்கம்.

"இப்ப முகம் உங்க பக்கம் வரும்க்கா" என்றாள் சின்னவள்.

அது பெரியவளுக்கும் தெரியும். பதினொரு மணியிலிருந்தே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். எழுந்தவள், கட்டிலைச் சுற்றிக்கொண்டு சின்னவள் இருந்த பக்கம் போனாள்.

"நீ அங்க போ. முதுகை நான் பாத்துக்கறேன்."

புரட்டினார்கள். அங்கே சின்னவள் டிப்போக் கதை ஏதோ சொல்ல, அத்தை சிரிப்பது முதுகின் குலுக்கலில் தெரிந்தது. பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. எரிந்தபடியே, கட்டு நனைந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.