காய்ந்த மிளகாய் யார்?

ஜாவாவின் சலாத்திகா நகரக் குடிநீர் அலுவலகத்தில் புகார்த் தொலைபேசியை எடுப்பவள் பலுப்பி. கதையும் எழுதுவாள். முதல் கதையைத் தன் பெயரும் படமும் போட்டு இணையத்தில் ஏற்றினாள். விருந்தில் எல்லாரையும் அதட்டும் பெரியம்மா ஒருத்தி அதில் வந்தாள். அன்று மாலையே சொந்தத்தில் மூன்று பெரியம்மாக்கள், "அது நான்தானே?" என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். பிறகு அவள் எழுதியதெல்லாம் மழை, மல்லிகை, மாலை வெயில். உறவினர்கள் பாராட்டினார்கள். அவளுக்கோ அதைப் படித்தால் தூக்கம் வந்தது.

போன வருடம் 'காய்ந்த மிளகாய்' என்ற பெயரில் புதுக் கணக்கு தொடங்கினாள். படத்துக்கு ஒரு தெருப்பூனை. முகம் மறைந்ததும் கை ஓடியது. புரோத்தோ அம்மா என்று ஒருத்தி பிறந்தாள். யார் வீட்டுக்குப் போனாலும் நேரே சமையலறைக்குள் நுழைந்து சட்டி திறந்து பார்ப்பவள். அச்சு அசல் பலுப்பியின் அண்ணி ரத்ரி. முன்பெல்லாம் பயந்து விழுங்கிய கிண்டலும் கோபமும் வரிகளாக வந்தன. ஜாவா முழுக்க ஆயிரக்கணக்கானோர் படித்தார்கள்.

நோன்புப் பெருநாளன்று அண்ணன் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தார்கள். கோழிக்குழம்பு பரிமாறிய ரத்ரி சட்டென்று சொன்னாள்: "அந்த புரோத்தோ அம்மா கதைய எழுதறது யாருன்னு எனக்குத் தெரிஞ்சிருச்சு."

"யாரு, யாரு?"

"சொல்லமாட்டேன். பலுப்பி, வா, தட்டு கழுவணும்."

பலுப்பி பாதித் தட்டோடு எழுந்து போனாள்.

சமையலறையில் ரத்ரி குழாயைச் சத்தமாகத் திறந்துவிட்டாள். "நீதானடி அந்தக் காய்ஞ்ச மிளகா?"

"ஐயோ, நானா? இல்ல அண்ணி..."

"நடிக்காத! மாமாவ ஆஸ்பத்திரில பாக்கப் போனப்போ, நர்ஸுங்களுக்கு வாங்கின கேக்க லிஃப்டுலயே நான் தின்னேனே, அது அப்படியே கதைல வந்திருக்கு. அப்ப கூட இருந்தது நீ மட்டும்தான்."

"தப்புதான் அண்ணி. எல்லாத்தையும் அழிச்சிடறேன்."

"அழிச்சே, தொலைச்சிடுவேன்! மொதல்ல கோவம்தான் வந்துச்சு, உன் ஃபோனக்கூட எடுக்கல. அப்புறம் திரும்பப் படிச்சேன். பசி தாங்காமத்தான் அவ தின்னான்னு எழுதியிருந்தே. நான் காலைலேருந்து சாப்பிடாதது உனக்கு எப்படிடீ தெரியும்?"

"உங்க வயிறு கத்துச்சே அண்ணி."

ரத்ரி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இந்த வீட்ல யாருக்கும் மூச்சு விடாத. தெரிஞ்சா ஆளாளுக்கு வந்து நிப்பாங்க, நீ திரும்ப மல்லிகைப்பூ பாட ஆரம்பிச்சிடுவே. அதப் படிக்கிற தண்டனை எனக்கு வேணாம்."

அண்ணன் எட்டிப்பார்த்தான். "என்னடி அப்படி ஒரு சிரிப்பு?"

"உங்க தங்கச்சி தட்டு கழுவற லட்சணத்தப் பாத்துதான்!"

அவன் போய்விட்டான். பலுப்பி நெஞ்சு நிறைய மூச்சு விட்டாள். இத்தனை மாதம் தோளில் சுமந்த மூட்டையை யாரோ வாங்கிக் கீழே வைத்ததுபோல் இருந்தது. வீடு திரும்பும் பேருந்திலேயே கைப்பேசியை எடுத்து, புரோத்தோ அம்மா கல்யாண வீட்டில் மைக்கைப் பிடுங்கிப் பாடுகிற பகுதியை எழுத ஆரம்பித்தாள்.