இரண்டு பேர் சாப்பிட்ட பில்

...இதுவும் ஆகாது, இதற்கும் வரிக் கழிவு கிடையாது என்று பிரஷாந்தி அடுத்த சாப்பாட்டுக் கடைப் பில்லையும் இடப்பக்கம் வைத்தாள், இடப்பக்கம் ஆகாதவை, வலப்பக்கம் ஆகக்கூடியவை, காலையிலிருந்து பிரிக்கிறாள், வலப்பக்கத்தில் ஆறோ ஏழோ தாள்தான் சேர்ந்திருக்கிறது, அதுவும் காணிக்கு வேலி அடைத்த ஆட்களுக்கு வாங்கிக் கொடுத்த சோற்றுப் பார்சல்கள், அதையாவது வேலையாட்கள் செலவு என்று எழுதிப் பார்க்கலாம், மற்றதெல்லாம் விருந்து, விருந்து, விருந்து... ஒரு மனிதன் ஒரு வருடத்தில் இத்தனை பேருக்கா சோறு வாங்கிக் கொடுப்பான்? பதியுதீன் நானா கொடுப்பார். காத்தான்குடியில் இருந்துகொண்டு வாகரை வரைக்கும் காணி வாங்கி விற்கிறவர், அவருடைய வரி விவரத்திரட்டு இன்னும் நான்கு நாளில் போயாக வேண்டும், நவம்பர் முப்பது தாண்டினால் தண்டம், பிறகு அதற்கும் அவளுக்குத்தான் பேச்சு. வெளியே மழை விட்டுவிட்டுப் பெய்தது. வாவி நிரம்பி, எதிர்க்கரை தெரியாமல், மேல்மாடி ஜன்னலுக்கு வெளியே ஒரே சாம்பல் நிறமாகக் கிடந்தது. கழுத்து வலித்தது. பத்தொன்பது வருடமாக மற்றவர்களின் கணக்கைக் குனிந்து பார்த்த கழுத்து, வலிக்காமல் என்ன செய்யும்...

போன கிழமை இதே நாற்காலிக்கு முன்னால் இருந்துதான் அவர் வாதாடினார். "தங்கச்சி, ஒருத்தன்ட காணிய வாங்கிறதெண்டா சும்மா வாங்கேலுமா? முதல்ல ஒரு சோறு. சோறு திண்டாத்தான் அவன் வாயத் துறந்து விலையச் சொல்லுவான். அப்ப அது ஏவாரச் செலவுதானே?" ஏவாரச் செலவுதான் நானா, ஆனால் விருந்துச் செலவை வருமானத்தில் கழிக்க இங்கே சட்டத்தில் இடமில்லை என்று அவள் நூறாவது தடவையாகச் சொன்னாள். "கனடாவில என்ட மருமகனும் இதே தொழில்தான் செய்யிறான், அங்க பாதியக் கழிக்கலாமாம்." அது கனடா நானா. அவர் சிரித்தார், அவளும் சிரித்தாள், அவர் கெட்ட மனிதர் இல்லை, கேட்டுப் பார்ப்பார், இல்லை என்றால் விட்டுவிடுவார். சரி, எல்லாப் பில்லையும் அனுப்புங்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோடு சாப்பிட்டது, எதற்காக என்று எழுதி அனுப்புங்கள், குடும்பத்தோடு சாப்பிட்டதும் இதற்குள் கலந்திருக்கும், நான் பிரித்துத் தருகிறேன் என்று அவள்தான் சொன்னாள். ஏன் சொன்னாள்? ஆகாது என்று தெரிந்த பில்களைப் பிரித்து யாருக்கு என்ன லாபம்? அவருடைய மகள் ஷஸ்னா பாவம், வாப்பாவைக் கேட்டுக் கேட்டு, வட்டவட்டமான எழுத்தில் ஒன்று விடாமல் எழுதியிருக்கிறாள். ஏறாவூர் ஆள், கடைக் காணி. வாகரை ஆள், தென்னங்காணி, சரிவரல்ல. உம்மாவும் நாங்களும், பெருநாள் சாமான் வாங்கப் போன நேரம். அந்தப் பிள்ளையின் நேர்மையை நினைத்துப் பிரஷாந்தி கொஞ்சம் சிரித்துக்கொண்டாள், சிரித்தபடியே அடுத்ததைப் புரட்டினாள்.

உதயரூபன், கல்குடாக் காணி.

உதயரூபன் என்று ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள், தன் புருசன் ஒருவருக்குத்தானா அந்தப் பெயர்... கல்குடாவில் எத்தனை காணி இருக்கிறது... அவள் பில்லை முன்பக்கம் திருப்பினாள். கல்குடாவில் ஒரு சாப்பாட்டுக் கடை. பெப்ரவரி பதினெட்டு. சோறு இரண்டு, பாரை மீன் கறி, இறால் பொரியல், தேசிக்காய்த் தண்ணீர் இரண்டு. பெப்ரவரி பதினெட்டு என்ன நாள்? கைபேசியை எடுத்துப் பார்த்தாள், செவ்வாய்க்கிழமை. நெல் வெட்டுக் காலம். வெல்லாவெளியில் குத்தகைக்கு எடுத்த வயலில் வெட்டு மெஷின் வருகிறது என்று விடியவே வெளிக்கிட்டுப் போனாரே, அந்தச் செவ்வாய்தானா? அந்தச் செவ்வாய்தான், அன்றைக்குத்தான் மகள் ஆர்த்திகாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்று அவள் அரைநாள் லீவு எடுத்தாள், அவர் பொழுதுபடத் திரும்பி வந்தார், மெஷின் வரவில்லை என்றார், சாப்பாடு வேண்டாம், வயிறு சரியில்லை என்றார். அவள் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். அவர் அதை ஊதி ஊதிக் குடித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றாள், நாள் முழுக்க வெயிலில் நின்ற மனுசன் என்று இரக்கப்பட்டுக்கொண்டு... வெயிலிலா நின்றார்? மின்விசிறிக்குக் கீழே இருந்து இறால் பொரியல் தின்றிருக்கிறார். வெல்லாவெளி எங்கே, கல்குடா எங்கே, ஒன்று தெற்கே, ஒன்று வடக்கே.

அதுவும் எந்தக் காணி? கல்குடாவில் அவர்களுக்கு இருப்பது ஒரே காணி, அது அவளுடைய சீதனம். அம்மா சீதேவிப்பிள்ளை தன் கையால் கையெழுத்துப் போட்டு அவள் பெயருக்கு எழுதியது. அதில் நின்ற வீட்டைச் சுனாமி கொண்டு போனது, மிஞ்சியது கிணறும் அத்திவாரமும், கிணற்றுத் தண்ணீரும் உப்பு. அதற்குப் பிறகு அங்கே யாரும் போய் இருக்கவில்லை, வருடத்துக்கு ஒரு தடவை ஆள் பிடித்துப் பற்றை வெட்டுவார்கள், அவ்வளவுதான். அம்மா சாகும் வரைக்கும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. ஆனால் அது அவளுடையது, வேறு எது இல்லாவிட்டாலும் அது அவளுடையது, அதை அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு காணி யாவாரியோடு சோறு தின்று கதைக்க இவர் யார்? கதைத்து என்ன விலை சொன்னார்? ஒன்பது மாதம்... ஒன்பது மாதமாக ஒரே வீட்டில், ஒரே மேசையில், உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு, மோட்டருக்கு வாஷர் போடவேணும், ஆர்த்திகாவின் டியூசன் காசைக் கட்டியாச்சா, இவ்வளவும் கதைத்த வாய் அதை மட்டும் சொல்லவில்லை. அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ களைப்புத்தான், இன்னொரு கணக்குப் புத்தகத்தைத் தலையில் வைத்ததுபோல.

பில்லை இடப்பக்கம் வைத்தாள். திரும்ப எடுத்தாள். கைபேசியில் பதியுதீன் நானாவின் இலக்கத்தை அழுத்தினாள், ஒரு பில்லில் சின்னச் சந்தேகம் நானா என்று தொடங்கினாள், குரல் வழக்கம்போலத்தான் இருந்தது, அந்தப் பெயரைச் சொன்னாள், உதயரூபன்.

"அல்லாவே. அந்தப் புள்ளைக்கு ஆரெண்டு தெரியாது தங்கச்சி, நான் சொல்லச் சொல்ல எழுதிப்போட்டாள். நான் உங்களுக்கு ஒளிச்சி ஒண்டும் செய்யல்ல, கேட்டுக்கங்க. நீங்கதானே தைப்பொங்கல் முடிஞ்ச கையோட கேட்டீங்க, கல்குடாவில இப்ப ஒரு பேர்ச் காணி என்ன விலை போகுதெண்டு?"

அவள் பில்லைக் கீழே வைத்தாள், அவர் விடவில்லை. "கேட்டீங்கதானே?"

"ஓம் நானா. சும்மா கேட்டன்."

"சும்மா ஆரும் விலை கேக்கிறல்ல தங்கச்சி. எனக்கும் அந்தப் பக்கம் ஒரு ஆள் காணி தேடுறான். பொம்புளப் புள்ளைக்கிட்ட நேர கேக்கிறது சரியில்ல, உங்கட மனுசனுக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லுவம் எண்டுதான் கூப்பிட்டன். வந்தார். நீங்க விலை கேட்ட கதையச் சொன்னன். அவருக்குத் தெரியாதெண்டு எனக்கென்ன தெரியும்? பொறகு சொன்னார், அது அவட காணி, அவ விக்கிறதெண்டா அவ சொல்லட்டும், நான் இதில ஒண்டும் சொல்ல மாட்டன் எண்டு. அவ்வளவுதான். சோத்தையும் தொடல்ல, அப்படியே எழும்பிற்றார். நான்தான் ரெண்டு பேரு சாப்பாட்டுக்கும் காசு குடுத்த."

சரி நானா, அந்தப் பில் ஆகாது, எடுத்துவிடுகிறேன் என்றாள்.

கேட்டாள்தான். பதியுதீன் நானா காலாண்டு வரித் தவணை கட்ட வந்த அன்று, ரசீதை மடித்துக்கொண்டிருந்தபோது, ஏதோ மழையைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டாள். விக்கிற யோசனையா என்றதற்கு இல்லையில்லை என்று சிரித்தாள். அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, பழைய கலண்டர்த் தாளின் பின்புறத்தில் பேர்ச்சைப் பெருக்கி, அதை வங்கியில் போட்டால் மாதம் எவ்வளவு வரும், அந்தக் காசில் வேலைக்கு வராமல் எத்தனை வருடம் வீட்டில் இருக்கலாம் என்று பார்த்தாள். ஆர்த்திகாவின் படிப்பை நினைத்து இல்லை, புருசனுடைய வயற்கடனை நினைத்து இல்லை, தன்னுடைய கழுத்தை நினைத்து, காலையில் எழும்பாமல் கிடப்பதை நினைத்து... அந்தத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்துத்தான் குப்பையில் போட்டாள். யார் பார்த்துவிடுவார்கள் என்று கிழித்தாள்? அவரிடம் சொல்லியிருந்தால் என்ன? அம்மாவின் காணியையா என்று ஒரு பார்வை பார்த்திருப்பார் என்று பயந்தாளா, இல்லை, சரி வில் என்று உடனே சொல்லிவிடுவார் என்று பயந்தாளா? அவ்வளவு களைத்துப்போனேன் என்று ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்வது அவ்வளவு கஷ்டமா... வயலுக்குப் போகிறேன் என்று அவர் பொய் சொன்னார், சும்மா கேட்டேன் என்று அவளும் சொன்னாள். வயிறு சரியில்லை என்று அவர் சொன்னது மட்டும் பொய்யில்லைபோல.

கீழே ஹோன் சத்தம் இரண்டு தடவை கேட்டது. ஐந்து மணியாகிவிட்டதா? மழை என்றால் அவரே வந்து ஏற்றிக்கொண்டு போவார், சொல்லி வைத்ததில்லை, கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அப்படித்தான். ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். மோட்டார் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, நீல மழைக்கோட்டுக்குள், அவளுக்கென்று கொண்டுவந்த மற்றதை நனையாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் பில்கள் எல்லாவற்றையும் கோப்பில் போட்டுக் கட்டி, லைட்டை அணைத்து, படியால் இறங்கினாள்.

"முடிஞ்சுதா?" என்றார்.

"இன்னும் இல்ல. ஆகாத பில்லுத்தான் கூட."

"ஆருட?"

"பதியுதீன் நானாட."

மழைக்கோட்டை விரித்துப் பிடித்தார், அவள் கையை நுழைத்தாள், முதுகுப் பக்கம் மடிந்திருந்ததை இழுத்துவிட்டார். அவள் இவ்வளவு கிட்டத்தில் நின்று அவர் முகத்தைப் பார்த்தாள், மழைத்தண்ணீர் புருவத்தில் இருந்து கன்னத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது, இந்த முகத்தில் இருப்பது கோபமா, அவளே சொல்லட்டும் என்ற பொறுமையா, இல்லை இரண்டும் தேய்ந்து வேறு ஏதாவது ஆகிவிட்டதா... அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒன்பது மாதமாக அது இங்கேதானே இருந்திருக்கும், தினமும் காலையிலும் இரவிலும், அவளுக்கு முன்னால். அவள் பார்க்கவில்லை. ஏறி இருந்து அவர் தோளைப் பிடித்தாள். இஞ்சேருங்க, அந்தக் கல்குடாக் காணி... என்றாள். மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ என்னவோ, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தார்.