பரிசீலனையில்

காலை பதினோரு மணி பத்து நிமிடத்துக்கு, அச்சுக் கோப்பவன் ஒருவனின் கருணை மனு ஆளுநரின் மேசையில் வைக்கப்பட்டது. அந்த நிமிடத்திலிருந்து அவனுக்கு வயது ஏறவில்லை. அச்சகத்தில் நடந்த கைகலப்பில் ஒருவர் இறந்துபோனதற்காக ஆயுள் தண்டனை அனுபவித்துவந்தவன். ஆளுநர் மனுவை ஏற்கலாம், தள்ளலாம், மேசையிலேயே வைத்திருக்கலாம். வைத்திருப்பதற்குச் சட்டத்தில் கெடு கிடையாது. மேசையில் இருப்பது எதுவும் நகராது என்பது அலுவலகத்தில் எல்லோரும் அறிந்ததே, கைதியும் நகரவில்லை. இருபத்தொன்பதிலேயே நின்றான். சிறை மருத்துவர் மூன்று வருடம் அதே எடையை எழுதிவிட்டு, பிறகு ‘மேற்படி’ என்று எழுதத் தொடங்கினார்.

அவன் மனைவி தையல்காரி. மாதத்தின் முதல் ஞாயிறு வந்து, கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று பேசிவிட்டுப் போவாள். முதலில் அவனைவிட இரண்டு வயது இளையவள், பிறகு ஒத்த வயது, பிறகு மூத்தவள். பன்னிரண்டாம் வருடம், கண்ணாடியும் நரையுமாக வந்தவளிடம் புதிய காவலர், “தம்பியைப் பாக்க வந்தீங்களாக்கா?” என்றார். “இன்னும் ரெண்டு கவர்னர் மாறட்டும், பேரனான்னு கேப்பீங்க” என்றாள். வலைக்கு அந்தப் பக்கம் அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் அவளே ஒரு மனு எழுதினாள்: விடுதலை செய்யுங்கள், இல்லையென்றால் தள்ளுபடி செய்யுங்கள், உள்ளே இருந்தாவது என்னோடு சேர்ந்து கிழவனாகட்டும். ஆளுநர் மாளிகை எழுத்தர் இரண்டு முறை படித்தார்.

“தள்ளுபடி பண்ணச் சொல்லி யாராவது மனு போடுவாங்களாம்மா?”

“எனக்கு ஆள் வேணும் சார். போட்டோ வீட்ல இருக்கு.”

ஒரே விஷயமாக வரும் மனுக்களைச் சேர்த்துக் கட்டவேண்டும் என்பது விதி. எழுத்தர் அதைப் பழைய கோப்போடு நாடாவில் கட்டி மேசையில் வைத்தார். அன்று பிற்பகலிலிருந்து அவளும் முப்பத்தொன்பதில் நின்றாள்.

அது நல்ல காலம் என்றுதான் அந்தச் சிறையில் வேலை பார்த்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஆளுநர்கள் வந்தார்கள், பதவியேற்றார்கள், தோட்டத்தில் ஆளுக்கொரு கன்று நட்டார்கள், போனார்கள். காவலர் வழுக்கையாகி ஓய்வுபெற்றார். அவர் மகள் அதே வாசலில் வேலைக்குச் சேர்ந்தாள். ஞாயிறுகளில் மட்டும் அதே இருவர், அதே வலை, அவன் கடைசியாகச் சொல்லும் அதே “பாத்துப் போ”. மணியடித்த பிறகும் அவர்களை யாரும் விரட்டியதில்லை.

ஏழாவது ஆளுநருக்கு மேசை காலியாக இருக்கவேண்டும். ஒரே காலையில் எல்லாக் கோப்புகளையும் முடித்தார். முதல் மனுவை ஏற்றார். இரண்டாவதற்கு இனி உத்தரவு தேவையில்லை என்று எழுதி மூடினார். இருவருக்கும் வயது மறுபடி ஏறத் தொடங்கியது.

பேருந்து நிறுத்தம் வரை வலையில்லாமல் நடந்தார்கள். அவன் வேகமாக நடந்தான், அவள் பின்தங்கினாள். அவன் நின்று, துணிப்பையைக் கை மாற்றிக்கொண்டு, அவள் நரையைத் தொட்டான்.

“நீ பத்து வருஷம் முன்னாடி போயிட்ட. நான் வந்து சேர்ற வரைக்கும் நிப்பியா?”