கனமானது அடியில்

என் சம்பந்தியம்மாவுக்கு ‘வேண்டாம்’ என்ற வார்த்தையே தெரியாது என்று மூன்று வருஷம் நம்பியிருந்தேன். என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்த நாளிலிருந்து நான் எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்வார். இன்னொரு கப் காபி, எனக்கே பிடிக்காமல் போன சால்வை, யாரும் கேட்காத யோசனை, எல்லாவற்றையும்தான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிறவி என்று வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நான் அப்படியில்லை. வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக சாமான் கட்டும் வேலைக்கு நான்தான் மேஸ்திரி. எட்டு ஆண்களை அதட்டி வேலை வாங்குகிறவளுக்கு நாக்கு கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

அவர் நர்ஸ். ஐம்பத்து நாலு வயது, ஐம்பது கிலோ. அவர் வேலை பார்த்த வார்டை அந்த மாதக் கடைசியோடு மூடப்போவதாக மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். அந்த வயதில் புது வேலை யார் தருவார்கள்? ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. மலையில் நடைபயணம் வருகிறவர்களுக்காக உச்சிக்குக் கீழே ஒரு முதலுதவி நிலையம். வருஷத்தில் ஆறு மாதம் அங்கேயே தங்கி வேலை. வண்டி போகிற பாதை கிடையாது. அதனால் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். வேலை கேட்கிறவர் தன் கூடாரம், படுக்கை, சாப்பாடு எல்லாவற்றையும் தானே சுமந்து ஏறி, வழியில் ஓர் இரவு தங்கி, மறுநாள் பகல் பன்னிரண்டுக்குள் நிலையத்து வாசலில் நிற்க வேண்டும். துணைக்கு ஒருவர் வரலாம். ஆனால் அவருக்குத் தேவையான ஒரு பொருளைக்கூடத் துணையாள் சுமக்கக்கூடாது.

மகள் போனில் கெஞ்சினாள். “அம்மா, அத்தை தனியா போறேங்கறாங்க. நீ கூடப் போம்மா. சாமான் கட்டுறதுல உன்ன மிஞ்ச யார் இருக்கா?”

இந்தக் கடைசி வாக்கியம் போதாதா, நான் தலைகால் தெரியாமல் ஆட?

மலையேறும் சாமான்களை வாடகைக்கு விடும் கடைக்கு இருவரும் போனோம். நான் உள்ளே நுழைவதற்குள் சம்பந்தியம்மா ஒரு நடுத்தர நீலப் பையின் முன்னால் போய் நின்றுவிட்டார். கடைக்காரப் பெண் அவருடைய கழுத்தெலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை நாடா பிடித்து அளந்து, “இது உங்களுக்குன்னே தைச்ச மாதிரி இருக்கும்மா. இடுப்புப் பட்டை கரெக்டா உக்காருது” என்றாள்.

“இது பள்ளிக்கூடப் பிள்ளைங்க பை மாதிரி இருக்கு. அதோ, அந்தப் பெருச எடும்மா” என்றேன்.

“பெரிய பை எடுத்தா அத நெரப்பச் சொல்லும்க்கா” என்றாள் அவள்.

எனக்கு யார் பாடம் எடுப்பது? ஒரு முறை முறைத்தேன். சம்பந்தியம்மா நீலப் பையை மெதுவாக ஆணியில் மாட்டினார். “உங்களுக்குச் சரின்னு பட்டா சரிதான் சம்பந்தியம்மா.”

மலையேறுவதற்கு முந்தின நாள் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இரண்டு பைகளையும் நானே கட்டினேன். என் தொழிலில் சட்டம் ஒன்றுதான்: கனமானது அடியில், உடைவது நடுவில், மேலே லேபிள். லாரியில் ஏற்றிய சாமான் குடை சாயாமல் ஊர் போய்ச் சேர்வது இந்தச் சட்டத்தால்தான். ஆகவே அவர் பையில் கூடாரம், அடுப்பு, பாத்திரம், சாப்பாடு, தண்ணீர் எல்லாம் அடியில் போயின. நிலையாக இருக்கட்டும் என்று என் பங்குக்கு ஓர் இரும்புச் சட்டியும் வைத்தேன். தூங்கும் பையும் நுரைப் பாயும் அவர் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார். இருந்தாலும் பீரோவுக்குச் சுற்றுகிற கம்பெனிக் கம்பளி இரண்டை வேறு திணித்தேன். அடுப்புக்குக் குமிழி பிளாஸ்டிக் சுற்றி, ‘சமையலறை, உடையும்’ என்று எழுதி ஒட்டினேன். இன்று நினைத்தாலும் காது சுடுகிறது.

சம்பந்தியம்மா பக்கத்தில் உட்கார்ந்து நான் கேட்டதையெல்லாம் எடுத்து எடுத்துக் கொடுத்தார். ஒரே ஒரு தடவை, “இந்தக் கனமானதெல்லாம் முதுகை ஒட்டி...” என்று ஆரம்பித்தார்.

“என்ன சம்பந்தியம்மா?”

“ஒண்ணுமில்ல. நீங்க தொழில் தெரிஞ்சவங்க.”

நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

காலை ஏழு மணிக்கு ஏறத் தொடங்கினோம். பத்து மணிக்கெல்லாம் அவர் என்னைவிட ஐம்பது தப்படி பின்தங்கிவிட்டார். குனிந்து, மூச்சு வாங்கி, இரண்டு கையாலும் பையின் தோள்வார்களைப் பிடித்துக்கொண்டு வந்தார். பாவம், உடம்பில் சத்தில்லை என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இந்த வேகத்தில் போனால் மறுநாள் மதியத்துக்குள் நிலையத்துக்குப் போய்ச் சேர முடியாது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

அப்புறம் ஒரு கற்படியில் அவர் காலை எடுத்து வைத்தபோது பை அவரைப் பின்னால் இழுத்தது. அப்படியே உட்கார்ந்தபடி விழுந்தார். அடி ஒன்றும் படவில்லை. ஓடிப்போய் ஒரு கையால் அவர் பையைத் தூக்கினேன். பெட்டியைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்கிற கை இது. பதினேழு கிலோ. அத்தனையும் அடியில் தொங்கியது. லாரிக்கு இடுப்பு கிடையாது, முதுகெலும்பு கிடையாது. இதைக்கூட யோசிக்காமல் ஐம்பது கிலோ மனுஷியை லாரி மாதிரி ஏற்றியிருந்தேன்.

“சம்பந்தியம்மா, இது தப்பாக் கட்டின பை” என்றேன்.

“தெரியும்” என்றார்.

“தெரியுமா?”

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. மூன்று மாதமாக அவர் பயிற்சி எடுத்திருக்கிறார். டியூட்டி முடிந்ததும் ஒரு பழைய பையில் காலாவதியான சலைன் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியின் ஏழு மாடியும் ஏறி இறங்குவாராம். முதல் வாரம் மூன்று பாட்டில், கடைசி வாரம் பத்து. ஒரு பாட்டில் ஒரு லிட்டர், ஒரு லிட்டர் ஒரு கிலோ. தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக்கூடாது என்று வார்டுத் தராசில் பார்த்துப் பார்த்து ஏற்றினாராம். புது ஷூவை இரண்டு மாதம் வார்டிலேயே போட்டு நடந்து பழக்கியிருக்கிறார். இவரைத்தான் நான் சத்தில்லாதவர் என்று நினைத்திருந்தேன்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “உங்க பொழப்பே போகப் பாத்துச்சு! வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“எங்க வீட்டுக்குப் பொண்ணு குடுத்தவங்க நீங்க. அவ்வளவு ஆசையாக் கட்டினீங்க. அத எப்படிங்க பிரிக்கிறது?”

“பிரிங்க. இப்பவே பிரிங்க. நான் வாயே தொறக்கல.”

பிரித்தார். அப்போதுதான் அந்தக் கைகளை முதன்முதலாகப் பார்த்தேன். தூங்கும் பை அடியில் போனது. தண்ணீர், கூடாரம், அடுப்பு, ஒரே ஒரு பாத்திரம், சாப்பாடு எல்லாம் தோள்பட்டை உயரத்தில் முதுகை ஒட்டி உட்கார்ந்தன. அவற்றைச் சுற்றி இடைவெளி இல்லாமல் துணிகள். மழைக்கோட்டும் மருந்துப் பையும் உச்சியில். பையில் மிச்சமிருந்த வாயைச் சுருட்டிக் கட்டியதும் நான் எடுத்த அந்தப் பூதப் பை நீலப் பை அளவுக்கு அடங்கிவிட்டது. முதலில் இடுப்புப் பட்டையை இறுக்கினார், பிறகுதான் தோள்வார்களை. ஒன்பது நிமிஷம்கூட ஆகவில்லை. என்னிடம் இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு கை வேலைக்குச் சேர்ந்ததில்லை.

அவருக்குத் தேவைப்படாத இரும்புச் சட்டி, இரண்டு கம்பளி, குமிழி பிளாஸ்டிக் எல்லாம் என் பைக்கு வந்தன. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள், என்னுடையது முதுகில் ஏறி உட்கார்ந்தது.

அதற்கப்புறம் அவர் நடந்த நடை இருக்கிறதே! சின்னச் சின்ன அடி. அவசரம் கிடையாது, நிற்பதும் கிடையாது. நான் நாலு எட்டு பாய்ந்து போய் இளைத்து நிற்பேன். அவர் அதே அடியில் என்னைத் தாண்டிப் போவார். சாயங்காலம் ஓடைக்கரையில் அழகான புல்தரை ஒன்றைக் காட்டி இங்கேயே கூடாரம் போடலாம் என்றேன். வாயே திறக்கமாட்டேன் என்றது மறந்துவிட்டது. அவர் இன்னும் கொஞ்சம் ஏறி, மேடான ஒரு கட்டாந்தரையில் பையை இறக்கினார். விடியும்போது கீழே பார்த்தால் அந்தப் புல்தரை முழுக்கப் பனியில் நனைந்து கிடந்தது. என் கம்பளியை நான் வெளியில் விட்டிருந்தேன். அது தண்ணீர் குடித்து இரண்டு பங்கு எடையாகிவிட்டது. இதற்குள் புது ஷூ என் குதிகாலைக் கடித்துவிட்டிருக்க, அவர்தான் என் காலை மடியில் வைத்துக் கட்டுப் போட்டார். ஒரு சொல் குத்திக் காட்டவில்லை. நானாக இருந்தால் ஊருக்கே சொல்லியிருப்பேன்.

பதினொன்று இருபதுக்கு நிலையத்து வாசலை அடைந்தோம். தாடிக்காரப் பொறுப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு திடீரென்று தன் மணிக்கட்டை நீட்டினார். “இங்க ஆழமா வெட்டுப்பட்டு ரத்தம் நிக்கலன்னு வெச்சுக்கங்க.”

சம்பந்தியம்மா பையை இறக்கினார். கண் அவர் மணிக்கட்டிலேயே இருக்க, கை மட்டும் பின்னால் போய் மருந்துப் பையோடு திரும்பியது. அவர் கையைத் தூக்கிப் பிடித்து, அழுத்திக் கட்டி முடித்தபோது அந்த மனுஷர் நீட்டிய கையைப் பார்த்தபடி சும்மா நின்றிருந்தார்.

“ஒண்ணாந்தேதி வந்து சேந்துடுங்க சிஸ்டர்” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. நான் பெற்ற மகளை எப்பேர்ப்பட்ட வீட்டில் கொடுத்திருக்கிறேன் என்று மூன்று வருஷம் கழித்து அன்றைக்குத்தான் தெரிந்தது.

இறங்கும்போது பழைய புத்தி எட்டிப் பார்த்தது. “ஆறு மாசத்துக்கான சாமான் சம்பந்தியம்மா. சும்மாவா? நானே வந்து கட்டித் தர்றேன். நம்ம ஆளுங்களையும் கூட்டிட்டு வர்றேன்.”

முன்னால் போனவர் நின்றார். திரும்பி, இடுப்புப் பட்டையை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, என் முகத்தை நேராகப் பார்த்தார்.

“வேண்டாம் சம்பந்தியம்மா” என்றார். “நானே கட்டிக்கிறேன். நீங்க பக்கத்துல உக்காந்து எடுத்து எடுத்துக் குடுங்க.”

சரி என்றேன்.