சொல்லாத ஊர்

ஒருவர் இறந்துவிட்டார் என்று எந்த ஊருக்குச் சொல்லவில்லையோ, அந்த ஊரில் அவர் உயிரோடுதான் இருப்பார். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தாலுகா ஆபீஸ் சுவரில்கூட எழுதிப் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் முத்திருளப்பன் விடியற்காலையில் கண்ணை மூடியதும், அவருடைய ஒரே மகன் சீனியப்பனைச் சைக்கிளில் அனுப்பினார்கள்.

போனில் சொன்னால் செல்லாது. சொல்லப் போகிறவன் தனியாகப் போக வேண்டும். தெருவில் நின்றபடி சொல்ல வேண்டும். யார் வீட்டுக்குள்ளும் கால் வைக்கக் கூடாது.

மூன்று ஊர்கள். கடைசி ஊர் நெடுங்கரை. அங்கேதான் தங்கை வெள்ளைத்தாய் இருக்கிறாள். அவள் மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போன அன்றைக்கு அப்பா பேச்சை நிறுத்தினார். பத்தொன்பது வருஷம் ஆயிற்று. அப்பாவுக்குப் பயந்து சீனியப்பனும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஆகவே வழியும் தெரியாது. கூடப்பிறந்தவள் வீட்டுக்கு வழி தெரியாத அண்ணன். கேட்கவே நன்றாக இருக்கிறது, இல்லையா?

“பொழுது சாயறதுக்குள்ள எடுத்தாகணும்டா,” என்றார் பெரியப்பா. “மக வந்து மொகத்தப் பாத்தாத்தான் எடுப்போம். மசமசன்னு நிக்காம கெளம்பு.”

முதல் ஊர் மேலச்செவல். டீக்கடை முன்னால் சீனியப்பன் ஒரு காலை ஊன்றி நின்றான்.

“எங்கப்பா முத்திருளப்பன் தவறிட்டாருங்க.”

“அடப்பாவமே,” என்றார் கடைக்காரர். “இப்பத்தான இந்த பெஞ்சுல ஒக்காந்து சீனி கம்மியா ஒரு டீ கேட்டாரு.”

பெஞ்சில் யாரும் இல்லை. பாதி டீயோடு ஒரு கிளாஸ் இருந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது. கடைக்காரர் அதை எடுத்துச் சாக்கடையில் ஊற்றிவிட்டுக் கிளாஸைக் கழுவினார்.

சீனியப்பன் காலி பெஞ்சையே பார்த்தான். தெரிந்த விஷயம்தான். ஆனால் கண்ணால் பார்ப்பது வேறு.

இரண்டாம் ஊர் கூத்தன்பட்டியில் ஊர் எல்லையிலேயே ஒரு ஆபீஸ் இருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் ஒரு படிவத்தை நீட்டினாள். சீனியப்பன் சேதியைச் சொல்லி, அதை நிரப்பிக் கொடுத்தான்.

“இறந்தவர் இன்னும் இறக்காத ஊர்கள்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அதை ஏன் காலியா விட்டிருக்கீங்க?”

“நெடுங்கரை ஒண்ணுதாம்மா பாக்கி.”

“எழுதுங்க. அங்க என்ன செய்றாரு?”

“தெரியலையே.”

“தெரியலைன்னு எழுதுங்க. பெத்த புள்ளதானே நீங்க?”

அவன் எழுதினான். அவள் முத்திரை குத்தியபோது ஊருக்குள் எங்கேயோ ஒரு இருமல் பாதியில் நின்றது. அப்பாவின் இருமல். அவன் திரும்பிப் பார்க்காமல் சைக்கிளில் ஏறினான்.

அதற்கப்புறம் கருவேலங்காடுதான். பாதை மூன்றாகப் பிரிந்தது, மூன்றும் ஒரே கல்லில் போய் முடிந்தன. நெடுங்கரை ஒன்பது என்றது கல். ஒரு மணி நேரம் மிதித்தான். அடுத்த கல், நெடுங்கரை பதினாலு என்றது. முன்சக்கரம் மட்கார்டில் உரசிக் கிறீச் கிறீச் என்று உயிரை வாங்கியது. உச்சி வெயில். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

ஆடு மேய்க்கிற பெண் ஒருத்தி கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

“ஏம்மா, தூரம் கூடிக்கிட்டே போவுதே?”

“போகணுமேன்னு மிதிக்கிறீக. ரோடும் வரணுமேன்னு வருது.”

“அப்ப என்ன செய்ய?”

“அழுதுட்டு மிதிங்க. வெரசாப் போவும்.”

காலையிலிருந்து அவன் அழவில்லை. ஆட்களைக் கூப்பிடவும், பந்தலுக்குச் சொல்லவும், ஐஸ் பெட்டிக்கு அலையவுமே நேரம் சரியாகப் போயிருந்தது. இப்போது வாய்விட்டு அழுதான். அடுத்த கல் நெடுங்கரை ஒன்று என்றது.

வெள்ளைத்தாயின் வீடு ஓட்டுவீடு. கதவு திறந்திருந்தது. உள்ளே அப்பா இலை முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். தோளில் கம்பளி. அந்த வெயிலிலும் பல் கிட்டிக்கொண்டு நடுங்கினார். வீட்டில் அவர் உடல் இருக்கிற ஐஸ் பெட்டியின் குளிரை முழு அளவில் வைக்கச் சொன்னது சீனியப்பன்தான்.

“வாடா சீனி,” என்றார் அப்பா. “ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?”

“சௌக்கியம்ப்பா.”

“இவ வைக்கிற கொழம்பு ஒங்கம்மா வச்சது மாதிரியே இருக்குடா. இத்தன வருஷமா திங்காமக் கெடந்திருக்கேன், மடையன்.”

வெள்ளைத்தாய் வாசலுக்கு வந்தாள். தலையில் நரை ஓடியிருந்தது. முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். வெளியே வந்து கதவைப் பாதி சாத்தினாள்.

“விடியக்காலம் வந்தாருண்ணே. கதவத் தட்டி, ‘தாயி, பசிக்குது’ன்னாரு.”

“வெள்ளை...” என்று சீனியப்பன் ஆரம்பித்தான்.

அவள் சட்டென்று அவன் வாயைப் பொத்தினாள். கையில் குழம்பு வாசம் அடித்தது.

“தெருமொனையில ஒன்னயப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. வேற எதுக்கு நீ வரப்போற?” என்றாள். “அவரு சாப்ட்டு முடிக்கட்டும்ணே. அப்புறம் சொல்லு.”

அவன் தலையாட்டினான். வேறென்ன செய்வான்?

சட்டைப்பையில் போன் அடித்தது. பெரியப்பா.

“சொல்லிட்டியாடா? பொழுது எறங்குது. மேளக்காரங்க அவசரப்படுறாங்க.”

“சாப்ட்டுக்கிட்டு இருக்காரு பெரியப்பா.”

பெரியப்பா போனை வைத்துவிட்டார்.

உள்ளே அப்பா ஏப்பம் விட்டார். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். நடுக்கத்தில் தண்ணீர்ச் செம்பு கைதவறி உருண்டது. “போதும் தாயி, வயிறு நெறஞ்சிருச்சு,” என்று இலையை மடிக்கக் குனிந்தார்.

வெள்ளைத்தாய் ஓடிப்போய் மடிக்கிற கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னும் ஒரு கைப்பிடிப்பா,” என்று சோற்றை அள்ளி வைத்தாள்.